பெயர் எங்கிருந்து வரும்?

1981 ஜூலை. பம்பாயில் அடைமழை. நடைபாதையில் குடிசை போட்டிருப்பவர்களை அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப் போவதாக முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே அறிவித்தார். சொன்னபடியே குடிசைகளைப் பிரித்து எறிந்து, ஆட்களைப் பேருந்தில் ஏற்றினார்கள். அப்படி ஏற்றப்பட்டவர்களில் 1961இல் சேலத்திலிருந்து பிழைக்க வந்த கூலிக்காரர் ஒருவரும் உண்டு. மனைவி மக்களோடு அவரைச் சேலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே வேலை கிடைக்காமல் அவர் பம்பாய்க்கே திரும்பினார். பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் போட்ட மனுவோடு அவர் மனுவும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதுதான் என்று 1985இல் அந்த நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. நோட்டீஸ் கொடுத்துவிட்டு அப்புறப்படுத்தலாம் என்றும் அதே தீர்ப்பில் எழுதியது.

நாங்கள் தாராவியில் இருந்தோம். நடைபாதைக் குடிசை இல்லை, ஆனாலும் எங்கள் வீட்டுக்கும் பட்டா கிடையாது. இன்றைக்கு அவன் குடிசை, நாளைக்கு நம்முடையது என்ற பயம் தெரு முழுக்க இருந்தது. 90 அடி ரோட்டு டீக்கடையில் அந்த ஜூலையிலேயே பேச்சு ஆரம்பமாகிவிட்டது: “இந்த ஆளு போயிரணும் அண்ணாச்சி. அடுத்து யாரு வருவா?”

ஆறு மாதத்தில் அந்துலே போனார். ஆனால் எங்கள் காரணத்துக்காகப் போகவில்லை. அப்போது சிமெண்ட் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. கட்டடக்காரர்களுக்கு ஒதுக்கீடு வேண்டுமென்றால் அரசு மனசு வைக்க வேண்டும். அந்துலே நடத்திய அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்தவர்களுக்கு சிமெண்ட் போனதை அருண் ஷோரி ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ இதழில் எழுதினார். 1982 ஜனவரி 12 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி லெண்டின் தீர்ப்புச் சொன்னார். நாற்காலி போயிற்று. போக வேண்டிய காரணம்தான், சந்தேகமில்லை. ஆனால் மழையில் கிளம்பிய அந்தப் பேருந்துகளைப் பற்றி அவருடைய கட்சிக்குள் யாரும் கணக்குக் கேட்டதாக எங்கள் காதுக்கு எட்டவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி அன்று அந்துலேக்காக அழுதாள். ஆதரவற்றவர்களுக்கு மாதப் பணம் கொடுக்கும் சஞ்சய் காந்தி திட்டத்தை 1980இல் கொண்டுவந்தவர் அவர்தான். பாட்டிக்கு அந்தப் பணம் வந்துகொண்டிருந்தது. அவளுடைய கண்ணீரையும் கட்சி கணக்கில் எடுக்கவில்லை.

அப்புறம் பெயருக்காகக் காத்திருந்தோம். பெயர் டெல்லியிலிருந்துதான் வரும். அந்த முறை பம்பாய்க்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. மேலிடப் பார்வையாளர் விமானத்தில் வந்து இறங்குவார். எம்.எல்.ஏ.க்களைத் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டுப் பேசுவார். கடைசியில் எல்லோரும் கூடி, தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைக் கட்சித் தலைமைக்கே விடுகிறோம் என்று ஒரு வரியில் தீர்மானம் போடுவார்கள். வெளியே நிற்கும் நிருபர்களுக்குத் தெரிந்த அளவுகூட உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. பெரிய பெரிய மராத்தியத் தலைவர்களின் பெயர்கள் அடிபட்டுக்கொண்டிருக்க, இந்திரா காந்தி அனுப்பிய பெயர் பாபாசாகேப் போஸ்லே. செம்பூருக்கு இந்தப் பக்கம் அப்போது இருந்த நேரு நகர்த் தொகுதியின் எம்.எல்.ஏ. இவ்வளவு பக்கத்தில் ஒரு முதலமைச்சர் இருந்தது எங்களுக்கே தெரியவில்லை.

ஜனவரி 21இல் அவர் பதவியேற்றார். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் தத்தா சாமந்த் தலைமையில் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தது. இரண்டரை லட்சம் பேர். அதில் என் அப்பாவும் ஒருவர். கூலி உயர்வும் போனஸும் மட்டுமல்ல அவர்கள் கேட்டது. தங்களுக்காகப் பேசும் சங்கத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கேட்டார்கள். சட்டப்படி ஆளுங்கட்சியின் சங்கத்துக்கு மட்டும்தான் பேசும் அதிகாரம். முதலமைச்சரையும் சரி, சங்கத் தலைவரையும் சரி, மேலேயிருந்து யாரோ முடிவு செய்து இறக்கிவிட்ட நகரம் அது. ஆகஸ்டில் போலீஸ்காரர்களே தெருவுக்கு வந்துவிட்டார்கள். ராணுவத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று. 1983 பிப்ரவரியில் போஸ்லேயும் போய், வசந்த்தாதா பாட்டீல் வந்தார். “யாரு வந்தா என்னலே, மில்லு தொறக்குமா?” என்று அப்பா கேட்டார். அவருடைய மில் அவருக்குத் திறக்கவில்லை.

ஆனால் அப்பா விரக்தியில் பேசுகிற மனுஷர் இல்லை. கட்சி, தலைவரை மாற்றுவது என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. 1954, மார்ச் 30. அந்தத் தேதியை அவர் பிறந்தநாள் மாதிரி சொல்வார். சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம்: பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில். குலக்கல்வி என்று ஊரே கொதித்தது. காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு முற்றியது. ராஜாஜி உடல்நிலையைச் சொல்லி விலகினார். சட்டமன்றக் கட்சி கூடியது, காமராஜரும் சி. சுப்பிரமணியமும் நின்றார்கள், ஓட்டு எடுத்தார்கள். 93க்கு 41. வந்ததும் காமராஜர் செய்த முதல் வேலைகளில் ஒன்று அந்தத் திட்டத்தைத் தூக்கியது. தோற்ற சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் மந்திரிசபையில் வைத்துக்கொண்டார்.

“எதுக்காக சனம் வெறுத்துச்சோ, அதுக்காகவே எறக்குனாங்க. வந்தவரு அதையே மாத்துனாரு. இதுதாம்லே முறை” என்பார் அப்பா. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, மகனைத் தாராவி காமராஜர் பள்ளியில் சேர்த்த ஒருவர் இதை எப்படிச் சொல்லியிருப்பார் என்று வாசிக்கிறவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பின்னாளில் மாட்டுங்காவில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பெரியவர் ஒருவர், கும்பகோணத்துக்காரர், சுவரில் ராஜாஜி படம் மாட்டியிருந்தார். அப்பாவின் கணக்கை நான் அவரிடம் சொன்னபோது கோபப்படவில்லை. மதியம் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்துகொண்டே சொன்னார்: “உங்கப்பா சொல்றது சரிதான். ஆனா அதுல பாதிதான் சொல்லியிருக்கார். ராஜாஜி எழுந்து போனார் பாரு, அதையும் சேர்த்துக்கோ. வழி விடத் தெரியணும்.” இரண்டு பேரும் இரண்டு கரையில் நின்றவர்கள். ஆனால் அந்த ஓட்டெடுப்பை இரண்டு பேருமே மதித்தார்கள். நான் அரசியலை அளக்கிற கோல் அந்த இருவர் கொடுத்தது.

அந்தக் கோலை வைத்துப் பார்த்தால், பம்பாயில் 1983க்குப் பிந்தைய வருஷங்களில் மிஞ்சுவது கொஞ்சம்தான். முதலமைச்சர் நிலங்கேகர், தன் மகளின் மருத்துவத் தேர்வு மதிப்பெண் விவகாரத்தில் போனார். எஸ்.பி. சவாண் வந்தார், அவரை மாற்றி சரத் பவார் வந்தார். 1992 டிசம்பரில் கலவரம் வெடித்தபோது முதலமைச்சர் சுதாகர்ராவ் நாயக். தாராவி எரிந்தது. ஜனவரியில் இரண்டாவது முறை. ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்குப்படி மொத்தம் 900 சாவு. முதல் வாரத்திலேயே இவர் இறங்கியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். மார்ச்சில்தான் மாற்றினார்கள். பாதுகாப்பு அமைச்சராக இருந்த பவார் டெல்லியிலிருந்து திரும்பி வந்தார். எங்களிடம் யாரும் வந்து, ஏன் இத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லவில்லை.

1995இல் ஆட்சி மாறியது. பெயர் வரும் இடமும் மாறியது. மாட்டுங்காப் பெரியவருக்கு 1960களின் கடைசி நன்றாக ஞாபகம் இருந்தது. தென்னிந்தியர்களுக்கு எதிராக சிவசேனா கிளம்பிய நாட்கள். உடுப்பி ஹோட்டல்களில் கல் விழுந்த நாட்கள். வெளியே தமிழ் பேசத் தயங்கிய நாட்கள். அதே சேனாவின் மனோகர் ஜோஷி முதலமைச்சரானார். 1999 ஜனவரியில் பாந்திராவின் மாதோஸ்ரீ வீட்டிலிருந்து பால் தாக்கரேயின் உத்தரவு வந்தது, ஜோஷி ராஜினாமா கொடுத்தார், நாராயண் ராணே வந்தார். டெல்லிக்கு விமானம் பிடிக்க வேண்டிய அவசியம் போய்விட்டது என்பதுதான் வித்தியாசம்.

2008 நவம்பர் 26 பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு முதலமைச்சர் விலாஸ்ராவ் தேஷ்முக் போனதையும் சொல்லாமல் விட முடியாது. சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் சுடப்பட்டு இறந்தவர்கள் சாதாரணப் பயணிகள். அவர்களைக் காப்பாற்ற முடியாமல் போனதைவிட, தாஜ் ஹோட்டலைப் பார்க்க ஒரு சினிமா இயக்குநரைக் கூட்டிப்போனதுதான் அவருக்குப் பெரிய வினையாயிற்று.

இனி 2022. அப்போது நான் செம்பூருக்குக் குடிவந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அக்கா குடும்பம் மட்டும் தாராவியிலேயே இருந்தது. ஜூன் 20 ராத்திரி சிவசேனாவின் ஏக்நாத் ஷிண்டே தன் கட்சி முதலமைச்சருக்கு எதிராக எம்.எல்.ஏ.க்களோடு சூரத்துக்குப் போனார், அங்கிருந்து குவாஹாட்டி. என் மருமகன் போனில் கூப்பிட்டான்.

“மாமா, கூவத்தூர் மாதிரியே இருக்குல்ல?”

2017 பிப்ரவரியில் கூவத்தூர் விடுதியைத் தாராவி முழுக்கத் தமிழ் சேனல்களில் பார்த்திருந்தது. ஜெயலலிதா மறைந்த இரண்டே மாதத்தில், யார் முதலமைச்சர் என்பது கடற்கரை விடுதி ஒன்றில் முடிவானது. இப்போது அதே காட்சி பிரம்மபுத்திரா கரையில். அங்கே இருந்த ஒரு எம்.எல்.ஏ. போனில் என்ன மரம், என்ன மலை, என்ன ஹோட்டல் என்று வியந்த பேச்சு மகாராஷ்டிரம் முழுக்கப் பரவியது. சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை அனுப்பிய தொகுதி வாக்காளர்களுக்கு அவர் சொல்ல வேண்டியது வேறு ஏதோ அல்லவா?

தாராவியில் அந்த முதலமைச்சர் உத்தவ் தாக்கரே வெறுக்கப்பட்ட தலைவர் இல்லை. 2020இல் கொரோனா வந்தபோது மாநகராட்சி ஊழியர்களும் உள்ளூர் டாக்டர்களும் வீடு வீடாக ஏறி இறங்கியதை அக்கா இன்றும் சொல்வாள். அந்த ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எம்.எல்.ஏ.க்களுக்கு உத்தவ் மேல் கோபம் இருந்தது: சந்திக்க முடியவில்லை, காங்கிரஸோடு கூட்டு பிடிக்கவில்லை என்றார்கள். இருக்கட்டும். அதைச் சட்டமன்றத்தில் எழுந்து சொல்லியிருக்கலாம். உத்தவும் ஜூன் 29 அன்று சபையைச் சந்திக்காமலே ராஜினாமா செய்தார். அதில் எனக்குத் தீராத வருத்தம். ஆளுநர் நம்பிக்கை வாக்கெடுப்புக்குச் சொன்னது சரியில்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் அவர் தானாக விலகிவிட்டதால் திரும்பப் பதவியில் வைக்க முடியாது என்றும் சொல்லிவிட்டது.

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம் என்று ஒதுக்க முடியாததற்குத் தாராவியின் வீடுகளே சாட்சி. தாராவி மறுசீரமைப்பு 2004லிருந்து பேசப்படுகிறது. 2019இல் பட்னாவிஸ் ஆட்சியில் துபாய் நிறுவனம் ஒன்று அதிகத் தொகை தருவதாகச் சொல்லி டெண்டரில் முதலில் நின்றது. உத்தவ் ஆட்சியில், 2020இல், அந்த டெண்டர் ரத்து. ஷிண்டே ஆட்சியில் புது டெண்டர், 2022 நவம்பரில் 5,069 கோடிக்கு அதானி குழுமம். மூன்று முதலமைச்சர்கள், மூன்று பாதைகள். 2000ஆம் ஆண்டுக்கு முன்னால் வந்த தரைத்தள வீட்டுக்காரருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. பின்னால் வந்தவர்களும் மாடியில் இருப்பவர்களும் வெளியே எங்கோ. அக்கா வீட்டுக் கதவில் சர்வேக்காரர்கள் எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். மருமகன் இருப்பது அந்த வீட்டு மாடியில்.

2024 மே மாத மக்களவைத் தேர்தலில் வாக்காளர்கள் தங்கள் பதிலைச் சொன்னார்கள். ஷிண்டே பக்கம் போன எம்.பி. ராகுல் ஷெவாலே, தாராவியும் அடங்கிய தென்மத்திய மும்பையில் தோற்றார்; உத்தவ் அணியின் அனில் தேசாய் வென்றார். நவம்பர் சட்டமன்றத் தேர்தலில் மாநிலம் வேறு மாதிரி சொன்னது, பா.ஜ.க. கூட்டணி பெருவாரியாக வென்றது. பக்கத்து சயான் கோலிவாடாவில் பா.ஜ.க.வின் தமிழர் தமிழ்ச்செல்வன் மூன்றாம் முறை ஜெயித்தார். முடிவு வந்தது நவம்பர் 23; முதலமைச்சர் பதவியேற்றது டிசம்பர் 5. நடுவில் மறுபடியும் அதே காத்திருப்பு. மறுபடியும் டெல்லியிலிருந்து மேலிடப் பார்வையாளர்கள். இந்த முறை வந்தவர்களில் ஒருவர் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். தாராவித் தமிழர்களுக்கு அதில் ஒரு பெருமை. எனக்கும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஷிண்டேயா பட்னாவிஸா என்று 12 நாள் நடந்த பேச்சு என்ன பேச்சு, எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள் என்பது அவர் வந்து போன பின்னும் வெளியே வரவில்லை. 1982இல் டீக்கடையில் உட்கார்ந்து ஊகித்தோம். இப்போது கையில் போனை வைத்துக்கொண்டு ஊகிக்கிறோம்.

போன ஞாயிறு செட்டா நகர் முருகன் கோவிலுக்கு மருமகன் வந்திருந்தான். சாமி கும்பிட்டுவிட்டுப் படி இறங்கும்போது கேட்டான்: “ஏழு வருஷத்துல முடிப்போம்கிறாங்க மாமா. அதுக்குள்ள எத்தன முதலமைச்சர் மாறுவாங்களோ?”

அவனிடம் 93க்கு 41ஐச் சொன்னேன். அப்பா சொன்ன மாதிரியே, தேதியோடு. தாராவி எம்.எல்.ஏ. ஆனாலும் சரி, பக்கத்துத் தொகுதிக்காரர் ஆனாலும் சரி, அடுத்த கூட்டத்தில் எழுந்து ஒன்றே ஒன்று கேள் என்றேன்: உங்கள் கட்சி தலைவரை மாற்றுகிற நாள் வந்தால், ஹோட்டலுக்கோ டெல்லிக்கோ கிளம்பும் முன்னால் 90 அடி ரோட்டுக்கு வந்து, யாருக்கு ஓட்டுப் போடப் போகிறீர்கள், எதற்காக என்று சொல்வீர்களா? மராத்தியில் கேட்கவா, தமிழில் கேட்கவா என்றான். மராத்தியில் கேள், எல்லோருக்கும் புரியட்டும் என்றேன். அங்கேயே படியில் நின்று இரண்டு பேருமாக அந்தக் கேள்வியை அவன் போனில் எழுதினோம்.