கேளுங்கள், சொல்கிறேன்: டீப் லேர்னிங் ஸ்பெஷல்

கேள்வி: டீப் லேர்னிங் படிக்க எந்த ஆய்வுக் கட்டுரையிலிருந்து ஆரம்பிப்பது? நண்பர்கள் டிரான்ஸ்ஃபார்மர் என்கிறார்கள்.
பதில்: அது 2017. நீங்கள் 1986-க்குப் போங்கள். ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய பேக்ப்ரொபகேஷன் கட்டுரை. நாலே பக்கம். அதை வெறும் பைத்தானில் எழுதி ஓட்டிவிட்டு வாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் எங்கும் ஓடிவிடாது.

கேள்வி: பேக்ப்ரொபகேஷன் பைடார்ச்சில் ஒரே வரியில் முடிகிறதே?
பதில்: வேலைக்குப் போதும். அந்த வரி சொதப்பும் நாளில் பத்தாது.

கேள்வி: ஏஐயிடம் கேட்டால் முழு நிரலையும் தந்துவிடுகிறதே?
பதில்: தரும். அடுத்த தடவையும் அதையே கேட்பீர்கள்.

கேள்வி: கணக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?
பதில்: அணிப் பெருக்கல், சங்கிலி விதி. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் பரணில்தான் இருக்கும், இறக்குங்கள்.

கேள்வி: லெகூன் குழுவின் 1998 கட்டுரையைப் பார்த்து, கையெழுத்து இலக்கங்களை அடையாளம் காணும் லெநெட்-5 எழுதினேன். எர்ரரே வரவில்லை, ஆனால் எதையும் கற்கவும் இல்லை.
பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! எர்ரர் காட்டாமல் தப்பாக ஓடுவது நியூரல் நெட்வொர்க்கின் பிறவிக் குணம். கடைசி அடுக்கில், இன்று எல்லோரையும் போல, சாஃப்ட்மேக்ஸ் போட்டிருப்பீர்கள். பயிற்சிக்கு முன் லாஸ் எவ்வளவு? ஒன்றும் தெரியாத நெட்வொர்க் பத்து இலக்கங்களுக்கும் சமமாக வாய்ப்புத் தர வேண்டும். அப்போது லாஸ் 2.303-ஐ ஒட்டி நிற்கும். அது 10-இன் இயல் மடக்கை. 15, 20 என்று காட்டினால் தொடக்க வெயிட்டுகள் பெரிது. அது சரியென்றால் எம்னிஸ்ட் இலக்கத் தொகுப்பின் 60,000 பயிற்சிப் படங்களை ஒதுக்கிவிட்டு இருபதே படங்களைக் கொடுங்கள். மனப்பாடம் பண்ணியாவது லாஸைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். வரவில்லையா, வகைக்கெழுவைச் சந்தேகியுங்கள். ஒரு வெயிட்டை மட்டும் 0.0001 கூட்டி ஒரு லாஸ், குறைத்து ஒரு லாஸ், வித்தியாசத்தை 0.0002-ஆல் வகுத்தால் உங்கள் கிரேடியன்ட் கிடைக்க வேண்டும். எந்த அடுக்கில் ஒத்துப்போகவில்லையோ அங்கே தோண்டுங்கள். இன்னொன்று: எம்னிஸ்ட் படம் 28-க்கு 28, லெநெட்-5 கேட்பது 32-க்கு 32. சுற்றிலும் இரண்டிரண்டு பிக்சல் சேர்த்தீர்களா?

கேள்வி: ஜிபியு வாங்கணுமா?
பதில்: லெநெட்டுக்கா? வேண்டாம்.

கேள்வி: நாற்பதைத் தாண்டிவிட்டேன். கட்டுரையைத் திறந்தாலே சூத்திரங்கள் மிரட்டுகின்றன. எனக்கு வருமா?
பதில்: வரும். 2015-இல் வெளிவந்த ரெஸ்நெட் கட்டுரையை எடுங்கள். 56 அடுக்கு நெட்வொர்க், 20 அடுக்கு நெட்வொர்க்கைவிடப் பயிற்சியிலேயே அதிகம் தவறுகிறது என்று முதல் பக்கத்து வரைபடம் சொல்கிறது. கைமிங் ஹெ குழுவினர் கண்ட தீர்வு ஒரு கூட்டல்: அடுக்குகளுக்குள் போனதை, வெளியே வருவதோடு கூட்டுவது. சூத்திரத்தை இப்போதைக்கு விடுங்கள். கூட்டல் இல்லாமல் இரண்டையும் எழுதி, 56-இன் கோடு மேலே நிற்பதை உங்கள் திரையில் பாருங்கள். பிறகு கூட்டலைச் சேருங்கள், கோடு இறங்கும். அதற்குப் பிறகு சூத்திரத்தைப் படித்தால், நீங்கள் ஏற்கெனவே எழுதிய வரிதான் அங்கே இருக்கும். இதற்கு ஜிபியு வேண்டும், வாடகைக்கு எடுங்கள்.