குண்டு வீசக் கிடைக்காத ஊர்

கேள்வி: அயல்நாடுகள் குறித்த மக்கள் கருத்துக்கணிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: 2015 டிசம்பரில் அமெரிக்காவின் பப்ளிக் பாலிசி போலிங் நிறுவனம், அக்ரபா மீது குண்டு வீசலாமா என்று கேட்டபோது, குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் வாக்களிக்கவிருந்தோரில் 30 சதவீதத்தினர் தாராளமாக வீசலாம் என்றனர், அக்ரபாவோ டிஸ்னியின் 'அலாவுதீன்' கார்ட்டூன் படத்தில் வரும் கற்பனை ஊர். (ஜனநாயகக் கட்சியினரிலும் 19 சதவீதத்தினர் அதையே சொன்னதால், ஒரு தரப்பை மட்டும் கேலி செய்வதற்கில்லை.) கேட்கப்பட்ட காரணத்தாலேயே அந்த நொடியில் பிறக்கும் இத்தகைய பதிலை, அதாவது பொருளறியாமல் உதிர்க்கும் தீர்ப்பை, ஆய்வாளர்கள் போலிக் கருத்து என்பர். எனவே 'பிடிக்கும்', 'பிடிக்காது' என்னும் எண்களுக்கு முன்பு, அட்டவணையின் கடைசியில் ஒதுங்கிக் கிடக்கும் 'தெரியாது' என்னும் எண்ணைப் பார்ப்பது நல்லது. அக்ரபா விஷயத்தில் குடியரசுக் கட்சியினருள் 57 சதவீதத்தினர் உண்மையைச் சொல்லிவிட்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தனர்.