ஓடிப்போய்ச் சேர்ந்த சொந்தம்

சொந்தக்காரர்களிடமிருந்து தப்பிக்க மனிதன் கண்டுபிடித்த வழிகளில் காசி யாத்திரைக்கு அடுத்தது நெடுந்தூர ஓட்டம். காசி யாத்திரையிலாவது பெண் வீட்டார் வந்து வழிமறிப்பார்கள். ஓட்டத்தில் யாரும் மறிப்பதில்லை. கூடவே ஓடி வருகிறார்கள்.

உடல்நலத்துக்காகத்தான் ரன்னிங் கிளப்பில் சேர்ந்தேன் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம் ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் உறவினர் வருவார்கள். சம்பளம் எவ்வளவு, வீடு சொந்தமா, பையன் என்ன மார்க் என்று விசாரணை நடக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கே ஓடிவிட்டால் யாரைப் பிடித்து விசாரிப்பார்கள்?

கிளப்பில் பிடித்தார்கள். “பேஸ் எவ்வளவு?” “இந்த ஷூவை யார் வாங்கச் சொன்னது?” “பத்து கிலோமீட்டர்தானா, ஹாஃப் மாரத்தான் எப்போ?” ஹாஃப் முடிந்தால் “ஃபுல் எப்போ?” ஃபுல் முடிந்தால், கல்யாணமான மூன்றாம் மாதம் ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று அத்தை கேட்கும் அதே குரலில், “அடுத்து?”

அடுத்தது அல்ட்ரா. மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ராதான். 50 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர், 100 மைல் என்று நீண்டுகொண்டே போகும். இந்த விளையாட்டுக்கு மேல் எல்லை கிடையாது, ஆகவே ‘அடுத்து?’ என்ற கேள்விக்கும் கிடையாது.

உலகம் முழுக்க இதே கதைதான். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் நடுவே 1921இல் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஒரே வேகத்தில் கும்பலாக ஓடுபவர்களை அங்கே ‘பஸ்’ என்கிறார்கள். முன்னால் ஓடுபவர் டிரைவர். 12 மணி நேரம் முடிந்ததும் ஒருவர், ஓடி வருபவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, துப்பாக்கியை வெடிப்பார். அதற்குப் பின் வருபவருக்குப் பதக்கம் இல்லை. முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஊர்ப் புரோகிதராக இருந்தால் “முகூர்த்தம் முடிய இன்னும் நாலு நிமிஷம் இருக்கு, ஓடி வாங்கோ” என்றிருப்பார்.

எங்கள் பஸ்ஸின் டிரைவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கிளப்புக்கே பெரியப்பா. புதிதாகச் சேர்ந்த பையன் மாப்பிள்ளை. முதல் மாதம் உபசாரம், அப்புறம் தண்ணீர் கேன் தூக்குவான். பக்கத்து ஊர் கிளப் சம்பந்தி வீட்டார். எதிரில் சிரிப்போம், வேனில் ஏறியதும் அவர்கள் டீ-ஷர்ட் தரத்தைப் பற்றிப் பேசுவோம்.

இந்தக் குடும்பம்தான் 50 கிலோமீட்டர் பயிற்சி ஓட்டத்துக்குச் சேலத்திலிருந்து வேன் பிடித்துக் கொல்லிமலைக்குப் போனது. காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ‘கார்போ லோடிங்’ என்று மத்தியானம் சாப்பிட்ட பரோட்டா, பாதி வளைவு தாண்டுவதற்குள் பலருக்கு வெளிநடப்புச் செய்தது. ஓடுவதற்கு வந்தவர்கள் உட்கார்ந்தபடியே களைத்துச் செம்மேட்டில் இறங்கினோம்.

மறுநாள் இருட்டோடு, நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு, அரியூர் நாட்டுப் பக்கம் புறப்பட்டோம். விடிந்தபோது இரு பக்கமும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே காபிச் செடி, வெட்டவெளியில் மரவள்ளி. ஏற்றம் இருந்தது, இறக்கம் இருந்தது, சமதளம் மட்டும் கண்ணில் படவில்லை.

வெளியாருக்குத் தெரியாத ரகசியம் ஒன்று உண்டு. அல்ட்ராவில் ஏற்றம் வந்தால் பெரும்பாலோர் நடப்பார்கள். நடந்தால் மூச்சு மிஞ்சும். மூச்சு மிஞ்சினால் பேச்சு. யாருக்கு எந்த விரலில் நகம் கறுத்து விழுந்தது, யாருக்கு முட்டியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள் என்று கல்யாண மண்டபத்துப் பின்வரிசை நாற்காலிப் பேச்சு அப்படியே நடந்தது. இறக்கம் இன்னும் மோசம். தொடைத் தசை நீண்டபடியே உடம்பின் பாரத்தைத் தாங்குவதால் அதன் நார்கள் நுணுக்கமாகக் கிழிகின்றன. மறுநாள் படியிறங்கப் பேரனைப் போலக் கைப்பிடி தேட வேண்டும்.

உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து முப்பது கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும் என்பதால், அல்ட்ராவில் சாப்பாடு கடமை. வேனின் பின்கதவைத் திறந்து வைத்துப் பந்தி நடந்தது: மலைவாழைப்பழம், உப்பு தொட்ட உருளைக்கிழங்கு, புளியோதரை, பலாச்சுளை. “ஒண்ணே ஒண்ணு வச்சுக்கங்க, பாதியில மயக்கம் வந்தா எங்களைத்தான் சொல்வாங்க” என்று வழியை மறித்துப் பரிமாறினார் கிளப்பின் பெரியம்மா. ஓடி இளைத்தவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் கிளப்பில் இல்லை.

முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்தேன். பெரியப்பா வந்தார். வந்தால் கிளிஃப் யங் கதைதான். 1983, ஆஸ்திரேலியா, சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு 875 கிலோமீட்டர். இளவட்டங்களுக்கு நடுவே 61 வயது உருளைக்கிழங்கு விவசாயி ஒருவர் வந்து நின்றார். மற்றவர்கள் ராத்திரி தூங்கியபோது அவர் அதிகம் தூங்காமல் ஓடினார். ஆறு நாளுக்குள் முதலாவதாகப் போய்ச் சேர்ந்தார். பரிசுப் பணம் 10,000 டாலரைச் சக ஓட்டக்காரர்களுக்கே பிரித்துக் கொடுத்தார்.

இந்த இடத்தில் பெரியப்பாவின் கண் கலங்கும். பந்தயப் பதிவுக்கென்று என்னிடம் வாங்கிய கைமாற்றைப் பற்றி அப்போது கேட்க மனசு வராது. எழுந்து ஓடிவிடுவேன். ஆக, கதைக்குப் பலன் உண்டு.

வேன் நின்ற இடத்தில் எல்லாரும் வந்து சேர்ந்தபோது வாட்ச்கள் 49.6 காட்டின. வாட்சில் ஏறாத ஓட்டம் ஓட்டமே அல்ல. ஆகவே வேனை இடமிருந்து வலமாகச் சுற்றத் தொடங்கினோம். வங்கி அதிகாரி, எலும்பு டாக்டர், கல்லூரிப் பேராசிரியர், நான் என்று வரிசையாக, கையைப் பார்த்துக்கொண்டே, சுற்றிச் சுற்றி.

விறகுக் கட்டோடு வந்த பாட்டி நின்று பார்த்தார். “என்ன வேண்டுதல் தம்பி?”

“வேண்டுதல் இல்லைங்க பாட்டி. கை கால் நல்லா இருக்கணும்னு ஓடறோம்” என்றார் டாக்டர், நொண்டியபடி.

பாட்டி எங்கள் கால்களை வரிசையாகப் பார்த்தார். “கால் நல்லா இருக்கணும்னு காலையே தேச்சுட்டா, அப்புறம் எங்க போய் நல்லா இருக்கறது? போயி சூப்பாச்சும் குடிங்க.”

கொல்லிமலையில் சூப் என்றால் முடவாட்டுக்கால் சூப். பாறையில் வளரும் ஒரு பெரணியின் கிழங்கு. ரோமத்தோடு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும், ஆனால் சுத்த சைவம். மூட்டு வலிக்கு அதைப்போல் இல்லை என்பது மலையின் நம்பிக்கை. “இதுக்கெல்லாம் இன்னும் சரியான ஆராய்ச்சி வேணும்” என்று சொல்லிவிட்டு டாக்டர் மூன்றாவது டம்ளரை நீட்டினார்.

கீழே இறங்கும்போது, அடுத்த முறை காரவள்ளியிலிருந்து எழுபது வளைவையும் ஓடியே ஏறுவோம் என்றார் பெரியப்பா. வேன் முழுக்க வசவு. சிக்னல் வந்ததும் வாட்ஸ்அப்பைப் பார்த்தேன்: திட்டிய அத்தனை பேரும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். நானும் உயர்த்தினேன்.

பெரியப்பா குறித்த தேதியில்தான் ஒன்றுவிட்ட சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். வர முடியாது, வீட்டில் ஒரு விசேஷம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.