வேட்டிக்கு மூன்றாவது கரை போட்ட செயின்

சைக்கிளைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் நம் ஆட்கள் நேரே உறையூருக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். அங்கே பஞ்சவர்ணசுவாமி கோயிலில் ஒருத்தர் கல்லிலேயே ஜம்மென்று சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கிறார். உறையூர் சோழர் தலைநகரம். அப்புறம் என்ன, கரிகாலன் கல்லணை வேலையை மேற்பார்வை பார்க்க சைக்கிளில்தான் போனான் என்று முடிவு கட்ட நமக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயிலைப் புதுப்பித்தபோது, ஊருக்குப் புதுசாக வந்த வண்டியைப் பார்த்து அசந்துபோன சிற்பி செதுக்கிவிட்டார் என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். அவர்கள் பேச்சை யார் கேட்கிறார்கள்! இத்தாலிக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. லியனார்டோ டா வின்சியின் காகிதக் கட்டிலிருந்து செயின் மாட்டிய சைக்கிள் படம் ஒன்று 1974-ல் வெளியே வந்தது. பிற்காலத்தில் யாரோ கிறுக்கிவைத்தது என்றுதான் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். பழம்பெருமை என்று வந்துவிட்டால் ரோமாபுரிக்கும் உறையூருக்கும் தூரம் அதிகமில்லை.

ஆதாரத்தோடு மாட்டிக்கொண்டவர் கார்ல் டிரைஸ் என்கிற ஜெர்மனிக்காரர். வனத்துறை அதிகாரி. 1817 ஜூன் 12 அன்று மன்ஹைம் ஊரில் இரண்டு மரச் சக்கரத்துக்கு நடுவே ஒரு கட்டையைப் போட்டு உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்திப் போய்க் காட்டினார். பெடல் கிடையாது, செயின் கிடையாது. நம் சாத்தூரில் பெடல் எட்டாத பொடியன்கள் குரங்குப் பெடல் அடிப்பதற்கு முந்தின வகுப்பில் செய்வது இதைத்தான். அதிகாரி செய்தால் கண்டுபிடிப்பு. நம் பொடியன் செய்தால், அப்பா சைக்கிளைத் தொட்டதற்கு முதுகில் நாலு சாத்து.

செயின் வந்த கதை அதற்கப்புறம். 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருளை வைத்த செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1885-ல் கவன்ட்ரி ஊர் ஜான் கெம்ப் ஸ்டார்லி அந்த மாதிரிச் செயினால் பின்சக்கரத்தை ஓட்டும் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். 1888-ல் டன்லப் என்கிற மாட்டு வைத்தியர் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். எல்லோரும் பெரிய மூளைக்காரர்கள்தான். ஆனால் ஒருத்தர்கூட வேட்டி கட்டியதில்லை.

அதன் விளைவை அனுபவித்தவர்கள் நாம். நெசவாளி வேட்டிக்கு இரண்டு கரைதான் போட்டுக் கொடுத்தார். மூன்றாவது கரையைச் செயின் போட்டது, கறுப்பாக, எந்தச் சவுக்காரத்துக்கும் அசையாத சாயத்தில். பாவாடை, தாவணி கதை இன்னும் மோசம். கல்யாணத்துக்குப் போகிற மனுஷன் கணுக்காலில் கிளிப் மாட்டிக்கொண்டோ, வேட்டியைத் தொடைக்கு மேலே சுருட்டிக்கொண்டோ போய் இறங்கவேண்டியிருந்தது. செயினுக்குக் கவர் போட்டார்கள். கவர் நசுங்கி, ஒவ்வொரு மிதிக்கும் ‘டக் டக்’ என்று தாளம் போட்டது. கரிசல் காட்டில் மழை பெய்தால் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே மண் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. வெயில் அடித்தால் அதே மண் புழுதியாகி எண்ணெயோடு குழைந்து செயினைத் தின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். ஆர்டர் கொடுத்துத் தனக்கென்று சைக்கிள் கட்டிக்கொள்வது வெளிநாட்டில் இன்று பெரிய பவிசு. உயரம் அளக்கிறார்கள், கை நீளம் அளக்கிறார்கள், கடைசியில் பையின் கனத்தையும் அளந்து பார்த்துப் பில் போடுகிறார்கள். சாத்தூரில் வேறு மாதிரி சைக்கிளே கிடையாது. 1949-ல் தொடங்கிய டிஐ நிறுவனம் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸை அனுப்பினாலும் அது பாதி வண்டிதான். மீதியைக் கடைக்காரர் கட்டுவார். சீட்டு தனி, ஸ்டாண்டு தனி, கேரியர் தனி, டைனமோ தனி. பால்காரருக்கு இரண்டு பக்கமும் கேன் தொங்கக் கொக்கி. சேவுக்காரருக்குத் தகரப்பெட்டி உட்கார அகலக் கேரியர். குடும்பஸ்தருக்கு முன் பாரில் குட்டி சீட்டு. கோட்டம் எடுக்க, ஓவராயில் பண்ண, பால்ரஸ் மாற்ற என்று போகப்போக அந்த வண்டியில் அம்பத்தூர் சாமான் எது, சாத்தூர் சாமான் எது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. அரசாங்கம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி சைக்கிளை இலவசமாகக் கொடுத்தாலும், அதே வாரத்தில் போக்ஸ் கம்பிக்கு மணி கோத்து, மட்கார்டில் நடிகர் ஸ்டிக்கர் ஒட்டி அவரவர் வண்டியாக்கிக்கொள்கிறார்கள். 1957, 1962 என்று இரண்டு முறை காமராஜரைக் கோட்டைக்கு அனுப்பிய தொகுதி இது. ஒரு சைக்கிளைக் கட்டத் தெரியாதா?

இத்தனை கெட்டிக்காரத்தனத்திலும் செயினை யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதுதான் விசேஷம். டிஐயை நடத்தும் முருகப்பா குழுமம் 1960-ல் டைமண்ட் செயின் கம்பெனியையும் தொடங்கிவிட்டது. சைக்கிளும் அவர்கள், செயினும் அவர்கள். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் ஒன்றானபின் சீர்வரிசையைப் பற்றி யார் வாய் திறப்பது? இன்னொரு பக்கம், சாத்தூரிலிருந்து 70 சொச்சம் கிலோமீட்டரில் மதுரை கோச்சடையில் ஃபென்னர் பெல்ட் ஆலை. மாவு மில், பம்புசெட் என்று எது எதற்கோ பெல்ட் போனது. சைக்கிளுக்கு மட்டும் போகவில்லை.

பெல்ட்டை சைக்கிளில் மாட்டியது ஜப்பான்காரர்கள். 1980-களில் பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனி செய்து விற்றது. 1987-ல் இங்கிலாந்தில் மார்க் சாண்டர்ஸ் வடிவமைத்த ஸ்ட்ரைடா என்கிற மடக்கு சைக்கிளிலும் பெல்ட்தான். பிறகு அமெரிக்காவின் கேட்ஸ் கம்பெனி கார்பன் இழை போட்ட பல்பெல்ட்டைக் கொண்டுவந்தது. எண்ணெய் வேண்டாம், துருப்பிடிக்காது, சத்தமில்லை, வேட்டிக்கு மூன்றாவது கரையும் இல்லை. சிக்கல் ஒன்றுதான். பெல்ட் முழு வளையம். செயின் மாதிரி லாக்கைக் கழற்றிப் பிரிக்க முடியாது. அதனால் வழக்கமான சட்டமென்றால், அதன் பின்முக்கோணத்தில் ஒரு இடத்தில் வெட்டி, திறந்து மூடும்படி செய்தால்தான் பெல்ட் உள்ளே போகும். பல்லைத் தாண்டாமல் இருக்க இழுவிசையும் சரியாக நிற்கவேண்டும். கியர் வேண்டுமென்றால் சக்கரத்தின் நடு அச்சுக்குள்ளேயோ பெடல் அச்சுப் பெட்டிக்குள்ளேயோ வைத்தாகவேண்டும். அதாவது, பெல்ட்டுக்கென்றே சொல்லிக் கட்டிய சைக்கிள் வேண்டும்.

இதைச் சாத்தூர் சைக்கிள் கடையில் சொல்லிப் பாருங்கள். சட்டத்தை வெட்டுவதற்கு யாரும் பயப்பட மாட்டார்கள். பக்கத்து வெல்டிங் பட்டறையில் தினம் நடக்கிற காரியம். பேனா நிப்பில் மயிரிழைப் பிளவு போட்டு நாடெங்கும் விற்ற ஊருக்குப் பல்சக்கரம் வெட்டுவதும் ஒரு வேலையில்லை. கேள்வி வேறு பக்கமிருந்து வரும்: “எல்லாஞ் சரி தம்பி. இருக்கன்குடி போற வழியில அந்துபோச்சுன்னா?”

பதில் கிடையாது. செயின் அறுந்தால் ஒரு கல், ஒரு ஆணி போதும். ஒரு கண்ணியைத் தட்டி எடுத்துவிட்டு இருக்கன்குடி மாரியாத்தாளைக் கும்பிடப் போய்விடலாம். தொய்ந்தாலும் அதே வைத்தியம். பெல்ட் அறுந்தால், எங்கிருந்தோ கூரியர் வரும்வரை ஆத்தாள் காத்திருக்கவேண்டும்.

இந்தப் பஞ்சாயத்து எதுவும் தெரியாமல் ஒருத்தர் எப்போதோ பெல்ட் சைக்கிள் கட்டித் தெருத்தெருவாகக் கொண்டுவந்துவிட்டார். சாணை பிடிக்கிறவர். முன்பு மரச்சட்டத்தில் பெரிய சக்கரமும் வாரும் கட்டித் தோளில் சுமந்து வந்த தொழில் அது. தோள் வலித்ததும் அப்படியே சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள். ஸ்டாண்டைப் போட்டு, சீட்டில் உட்கார்ந்து மிதித்தால் பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும். அதிலிருந்து ஒரு பெல்ட் முன்னால் போய்ச் சாணைக்கல்லின் உருளையைச் சுற்றும். நம்மூர் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பின்சக்கரம் உருளையைப் போல் பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டால், பெடலின் ஒரு சுற்றுக்குக் கல் 24 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. பழைய டியூபை நறுக்கிய பட்டையே போதும். கத்தி கல்லில் மாட்டிக்கொண்டால் அந்தப் பட்டை வழுக்கிவிடும், விரல் தப்பிக்கும். பல் வைத்த பெல்ட் வழுக்காது என்பதைக் கம்பெனிகள் பெருமையாக விளம்பரம் செய்கின்றன. இவர் விரல்களை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த விளம்பரத்தின் ருசி வேறு.

ஒரே குறை, பெல்ட் ஓடுகிறபோது வண்டி நகராது. வண்டி நகர்கிறபோது செயின்தான் இழுக்கும், பெல்ட் சும்மா கூட வரும். பெல்ட்டா செயினா என்ற சண்டையை ஒரே வண்டியில் இரண்டையும் மாட்டித் தீர்த்துவைத்திருக்கிறார். இனி அவர் உங்கள் தெருவுக்கு வந்தால் அரிவாள்மனையைக் கொடுங்கள். சொன்ன கூலியைக் கொடுங்கள். அஞ்சு ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள்.