அவெஞ்சர்ஸ் முதல் தொகுப்பும் சொந்த வீட்டுக் கோட்பாடும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலநூல், மார்வெல் நிறுவனத்தார் வெளியிட்ட ‘எசென்ஷியல் அவெஞ்சர்ஸ்’ முதல் தொகுதி. 1963 செப்டம்பர் தேதியிட்ட முதல் இதழ் தொடங்கி 24 இதழ்களை ஒரே அட்டைக்குள் அடைத்த கறுப்பு வெள்ளைப் பதிப்பு. இவ்வாய்வாளனிடம் உள்ள படி பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அட்டையில் யாரோ காபி டபராவை வைத்து வட்டம் பதித்திருக்கிறார்கள். அந்த வட்டத்தை நூலின் ஒரு கூறாகக் கொள்வதா, பின்னாளைய இடைச்செருகலாகக் கொள்வதா என்பது தனி ஆய்வுக்குரியது.

நிறைகளை ஓர் இயலிலும் குறைகளை மற்றோர் இயலிலும் வைப்பதே ஆய்வேட்டு மரபு. இந்த நூலில் எது நிறையோ அதுவே நாலு பக்கம் தள்ளிக் குறையாகிவிடுவதால் அம்மரபு கைவிடப்படுகிறது. நெறியாளர் என்று எவரும் இல்லாததால் தடுப்பாரும் இல்லை.

முதலில் நிறம். அன்று வண்ண இதழ் ஒன்று 12 சென்ட். 24 இதழ்களுக்கு 2 டாலர் 88 சென்ட். அந்த வண்ணமெல்லாம் இதில் இல்லை. பச்சை ஹல்க் சாம்பல் ஹல்க் ஆகிவிட்டான். இதைக் குறை என்போர் ஒன்றை மறக்கிறார்கள். 1962இல் வெளிவந்த தன் முதல் இதழில் ஹல்க் சாம்பல் நிறத்தவன்தான். அச்சில் அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் மாறித் தொலைந்ததால், இரண்டாம் இதழில் அவனைப் பச்சையாக்கினார்கள். ஆக, வண்ணம் பூசக் காசில்லாத இந்தப் பதிப்பே ஆதி பாடத்துக்கு மிக நெருக்கமானது என்று நிறுவப்படுகிறது.

அடுத்து பெயர்க்காரணம். ‘அவெஞ்சர்ஸ்’ என்றால் பழிதீர்ப்போர். யார் பழியை? முதல் இதழில் யாரும் சாகவில்லை. தோரின் தம்பி லோகி செய்த சூழ்ச்சியால் ஹல்க் ஒரு ரயில் பாலத்தை உடைத்துவிட்டான் என்று ஊர் நம்புகிறது. ஹல்க்கின் நண்பன் ரிக் ஜோன்ஸ் வானொலியில் ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவைக் கூப்பிடுகிறான். லோகி அலையைத் திருப்பிவிட, செய்தி தோருக்குப் போகிறது. கூடவே ஐயர்ன் மேன், ஆன்ட்-மேன், வாஸ்ப் காதுகளிலும் விழுகிறது. தப்பி ஓடிய ஹல்க், முகத்தில் கோமாளிச் சாயம் பூசிக்கொண்டு, சர்க்கஸில் இயந்திர மனிதனாக வேலை பார்க்கிறான். வேண்டியவரைக் கூப்பிட்டுக் கிடைக்காமல், காதில் விழுந்தவர்கள் வந்து சேர்ந்து உண்டான குழு இது. பழியும் இல்லை, தீர்ப்பும் இல்லை. பெயர் மட்டும் கம்பீரம். அதைச் சூட்டியவள் வாஸ்ப். அதன்பிறகு அவளுக்குக் கதாசிரியர் ஸ்டான் லீ கொடுத்த வசனங்களில் பாதி, தோர் எவ்வளவு அழகன் என்பது பற்றியே. தமிழ் இலக்கணத்தில் இதற்குக் கைக்கிளை என்று தனித் திணையே உண்டு என்பதால் அவரை மன்னிக்கலாம் என வாதிடுவோர் உளர். இவ்வாய்வாளன் மன்னிக்கவில்லை. குழுவுக்குப் பெயர் வைத்தவளுக்கு உருப்படியாக ஒரு வேலை கொடுத்திருக்கலாம்.

முதல் இதழின் முடிவு மட்டும் அபாரம். இடிக்கடவுள் இருக்கிறான், இரும்புக் கவசக்காரன் இருக்கிறான், மலையைப் புரட்டும் ஹல்க் இருக்கிறான். கடைசியில் லோகியைப் பிடிப்பது ஆன்ட்-மேன் ஏவும் எறும்புகள். அவை ஒரு பொறிக்கதவைத் திறந்துவிட, அவன் ஈயத் தொட்டிக்குள் விழுகிறான். தோர் இருக்க எறும்பு எதற்கு என்று கேட்கும் உரிமையை வாசகனிடமிருந்து முதல் இதழிலேயே பறித்துவிட்டார்கள்.

அந்தச் சாமர்த்தியம் மாதாமாதம் வாய்க்கவில்லை. ஏன் என்று பலநாள் யோசித்ததில் பிறந்ததுதான் சொந்த வீட்டுக் கோட்பாடு. தோருக்கு ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’ என்று ஓர் இதழ் உண்டு. ஐயர்ன் மேனுக்கு ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’. ஆன்ட்-மேனும் வாஸ்பும் ‘டேல்ஸ் டு அஸ்டானிஷ்’ இதழில் குடித்தனம். அழுவது, காதலிப்பது, தோற்பது எல்லாம் அங்கேதான் நடக்க வேண்டும். இங்கே வரும்போது அவர்கள் விருந்தாளிகள். விருந்துக்கு வந்தவர் அந்த வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க மாட்டார். வருவார், சண்டை போடுவார், சட்டை கசங்காமல் கிளம்புவார். ஏழாம் இதழில், அழைப்புக்கு வராத குற்றத்துக்காக ஐயர்ன் மேனை விசாரித்து ஒரு வாரம் இடைநீக்கம் செய்கிறார்கள். விருந்தாளிக்கு இந்தக் கதையில் நேரக்கூடிய உச்சபட்சக் கொடுமை இவ்வளவுதான்.

கோட்பாட்டுக்குச் சான்று வேண்டுமானால் வீடில்லாதவர்களைப் பாருங்கள். ஹல்க்கின் சொந்த இதழ் ஆறே இதழ்களில், 1963 மார்ச்சில், மூடப்பட்டது. எனவே அவன் தெருவில் நிற்பவன். அவனுக்கு எதுவும் நடக்கலாம், நடக்கிறது. இரண்டாம் இதழிலேயே, உங்களில் எவனுக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லி வெளியேறுகிறான். மூன்றாம் இதழில் எதிரியோடு சேர்ந்து கொண்டு ஜிப்ரால்டரில் வந்து மோதுகிறான். ஒன்பதாம் இதழில் வந்த ஒன்டர் மேனுக்கும் வீடு கிடையாது. அவன் வந்த இதழிலேயே செத்தும் போனான்.

பெரிய சான்று கேப்டன் அமெரிக்கா. 1964 மார்ச் தேதியிட்ட நான்காம் இதழில், பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தவனைக் கடலிலிருந்து மீட்கிறார்கள். 1945இல் தோழன் பக்கியைப் பறிகொடுத்த துக்கம் அவனுக்கு நேற்று நடந்தது. உலகத்துக்கோ இருபது வருடப் பழசு. அந்த இடைவெளியில் அவன் தடுமாறி நிற்கும் பக்கங்கள்தான் இந்தத் தொகுப்பின் சிகரம். ஓவியர் ஜாக் கிர்பிக்கும் அது சொந்த விஷயம். 1941இல் ஜோ சைமனோடு சேர்ந்து அவனைப் படைத்தவரே அவர்தான். பறக்கத் தெரியாத, இடி விழச் செய்யத் தெரியாத ஒருவன் அறைக்குள் வந்ததும் கடவுள் உட்பட எல்லோரும் இரண்டாம் வரிசைக்குப் போய்விடுகிறார்கள்.

இங்கே ஒரு பாடச் சிக்கல் உண்டு. 1945இல் உறைந்தவன், 1954இல் தன் பெயரிலேயே வந்த மூன்று இதழ்களில் கம்யூனிஸ்டுகளை அடித்தது எப்படி? 1972இல் கதாசிரியர் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட், ஐம்பதுகளில் வந்தவன் வேறொரு ஆள் என்று உரை எழுதிச் சமன் செய்தார். நம் உரையாசிரியர்கள் கண்டால் எழுந்து நின்று கும்பிட்டிருப்பார்கள்.

கேப்டன் பின்னே கொண்டுவந்த எதிரி பாரன் ஸெமோ, ஆறாம் இதழில் அறிமுகம். ஒட்டினால் பிரியாத பசையைக் கண்டுபிடித்த விஞ்ஞானி. அந்தப் பசையே கொட்டி, முகமூடி அவன் முகத்தோடு நிரந்தரமாக ஒட்டிப்போயிற்று. அவன் சாப்பிடுவது எப்படி என்ற கேள்வியை நூல் கண்ணியமாகத் தவிர்க்கிறது. பசையில் சிக்கியவர்களை விடுவிக்க, உலகின் மிகப் பெரிய வீரர்கள் சிறையிலுள்ள இன்னொரு பசைக்காரனின் உதவியைத்தான் நாடுகிறார்கள். அவன் பெயர் பேஸ்ட்-பாட் பீட், பசைவாளி பீட் என்க. குழுக்கதையில் தேவைப்படுவது பலமில்லை, தொழில் தெரிந்த ஆள்தான் என்பதற்கு இதைவிடத் துல்லியமான இடம் நூலில் வேறில்லை.

எட்டாம் இதழோடு கிர்பி வழக்கமான ஓவியர் பொறுப்பிலிருந்து விலக, டான் ஹெக் வந்தார். முகங்கள் அழகாயின, குத்துகள் வலிக்காமல் போயின. பத்தாம் இதழில் காலத்தையே பின்னால் திருப்பி, நடந்த எதுவும் நடக்கவே இல்லை என்று முடிக்கிறார்கள். கதைமாந்தருக்கே நினைவில்லாத கதைக்கு வாசகன் 12 சென்ட் கொடுத்திருக்கிறான். இதைக் காஞ்சித் திணையில், நிலையாமைத் துறையில் வைக்கலாம். வேறு வகையில் காப்பாற்ற வழியில்லை.

1964 நவம்பரில் கேப்டனுக்கும் ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’ இதழில், ஐயர்ன் மேனோடு பங்காக, பாதி வீடு கிடைத்தது. அதன்பிறகும் அவன் இங்கே வந்து பக்கியை நினைத்துக் கலங்குவதை நிறுத்தவில்லை. இது கோட்பாட்டுக்கு எதிரான சான்று என்பர். பாதி வீடு என்பதால் பாதிச் சான்றாகவே ஏற்கப்படுகிறது.

1965 மே மாதப் பதினாறாம் இதழில் ஸ்டான் லீக்கே இந்த விருந்தாளி நோய் பிடிபட்டிருக்க வேண்டும். கேப்டன் தென் அமெரிக்கக் காட்டிலிருந்து திரும்புவதற்குள், மற்ற மூத்தவர்கள் கூடிப் பேசி, ஓய்வு வேண்டும் என்று கிளம்புகிறார்கள். அவர்கள் இடத்துக்கு மூவர். ஹாக்ஐ, சமையல் முதல் வாசல் வரை கவனிக்கும் ஜார்விஸைக் கட்டிப்போட்டு, அம்புகளால் கட்டை அவிழ்த்துக் காட்டி வேலை கேட்கிறான். குயிக்சில்வரும் ஸ்கார்லெட் விட்ச்சும் விண்ணப்பக் கடிதம் போடுகிறார்கள். மூவருக்கும் பழைய குற்றக் கணக்கு உண்டு, சொந்த இதழ் கிடையாது. அன்றிலிருந்து சண்டைக்கு நடுவே தலைவனான கேப்டனை எதிர்த்துப் பேசுகிறார்கள், கோபித்துக்கொள்கிறார்கள், புத்தகம் மூச்சு விடுகிறது. மூத்தோர் வெளியேறியதே இத்தொகுப்பின் தலையாய நிறை.

ஆனால் நால்வருக்கும் உடல் பலம் போதாது என்று ஒரு குறை. பதினேழாம் இதழில், பழைய உறுப்பினன் ஹல்க்கைத் திரும்ப அழைத்துவரலாம் என்று பாலைவனத்துக்குத் தேடிப் போகிறார்கள். பாதாளத்துக்குள் விழுந்து, ஒரு மினோட்டாரோடு கட்டிப் புரண்டு, மேலே வந்து பார்த்தால் ஹல்க் இல்லை. 1964 அக்டோபரிலேயே ‘டேல்ஸ் டு அஸ்டானிஷ்’ இதழில் அவனுக்குப் பாதி வீடு ஒதுக்கிவிட்டார்கள். அவன் ஏன் வரப்போகிறான்?