எக்ஸ் வாரம்: பஞ்சுக் குச்சி நோக்கில் ஓர் ஆய்வு

அமெரிக்க மழலையர் வகுப்புகள் பலவற்றில் 'வாரம் ஓர் எழுத்து' என்றொரு முறை உண்டு. செப்டம்பரில் ஏ-யில் தொடங்கி, கிறிஸ்துமஸ் முதலான விடுமுறைகளைக் கழித்துக்கொண்டு போனால், இருபத்து நான்காம் எழுத்தான எக்ஸ் மார்ச் வாக்கில் வந்து நிற்கும். நியூ ஜெர்சியின் எடிசனானாலும் டெக்சஸின் ஃப்ரிஸ்கோவானாலும், அந்த வாரம் தமிழ் வீடுகளில் காது குடையும் பஞ்சுக் குச்சி காணாமல் போகிறது. ஏன்? அதுவே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

எக்ஸில் தொடங்குபவற்றில் குழந்தைக்குக் காட்டத்தக்கவை, தாராளமாகக் கணக்கிட்டாலும், இரண்டுதான்: எக்ஸ்ரே, சைலஃபோன். முன்னதற்குக் கறுப்புத் தாளில் கையின் உருவை வரைந்து, பஞ்சுக் குச்சிகளை நறுக்கி எலும்புகளாக ஒட்ட வேண்டும். மனிதக் கையில் எலும்புகள் 27. நான்கு வயது ஆய்வாளர்கள் பத்துக்குள் முடித்துக்கொள்கிறார்கள். 1895 டிசம்பரில் எக்ஸ்ரேயைக் கண்டறிந்த ராண்ட்கன் தம் மனைவியின் கையைப் படம்பிடித்தபோது மோதிரமும் சேர்ந்தே பதிந்தது. எனவே விரலில் ஜிகினா ஒட்டும் குழந்தையைக் கண்டிப்பது வரலாற்றுப் பிழை.

இத்துறையில் எடிசன் ஊரார்க்குத் தனி உரிமை உண்டு. ஊருக்குப் பெயர் தந்த தாமஸ் எடிசன், அதே மாநிலத்து வெஸ்ட் ஆரஞ்சில் 1896-இல் எக்ஸ்ரேயைத் திரையில் காணும் கருவி செய்தார். கதிர்ப் புண்களால் வருந்திய உதவியாளர் கிளாரன்ஸ் டாலி 1904-இல் இறந்தார். எடிசன் அந்த வேலையையே கைவிட்டார். பசை எவ்வளவோ மேல்.

சைலஃபோன் கதை இன்னும் மோசம். பெயரின்படி அது மரக்கட்டையால் ஆக வேண்டும். பொம்மைக் கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் உலோகத் தகடு. தவிர, அதன் தொடக்க ஒலி இசட்டுக்கு உரியது. எக்ஸின் சொந்த ஒலியைக் கேட்க ஃபாக்ஸ், பாக்ஸ் என்று சொல்லின் வாலுக்குப் போக வேண்டும். டெக்சஸ் பிள்ளைகளுக்கு மாநிலத்தின் பெயரே போதும்.

கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் வேறு சிக்கல். 2023 ஜூலையில் ட்விட்டர் பெயர் மாறி, சான் ஃபிரான்சிஸ்கோவில் தன் கட்டட உச்சியில் மின்னும் எக்ஸ் ஒன்றை நிறுத்தியது. அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, சில நாளில் அது இறங்கியது. கைவினையில் அளவு முக்கியம்.

வடிவமும் லேசுப்பட்டதல்ல. குத்துக்கோடும் வட்டமும் மூன்று வயதிலும், கூட்டல் குறி நான்கிலும் வரும். இரு சாய்கோடுகள் வெட்டிக்கொள்ளும் எக்ஸ் ஐந்தை ஒட்டித்தான் கைகூடும் என்பது குழந்தை வளர்ச்சி நிபுணர்கள் கணக்கு. அதனால் ஐஸ்குச்சி இரண்டை ஒட்டச் சொன்னால் கூட்டல் குறி வந்து சேரலாம். தாளை அரைக்கால் வட்டம் திருப்பிச் சுவரில் மாட்டினால் எவரும் கண்டுபிடிக்க முடியாது.

சொல்லில்லா எழுத்தைக் கற்பிக்கும் இக்கட்டு பழையது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பாஸ்டனில் தோன்றிய 'நியூ இங்கிலாந்து பிரைமர்' எக்ஸுக்காகப் பாரசீக மன்னர் செர்க்சஸை இழுத்துவந்து, அவரும் செத்தவரே என்று பிள்ளைகளுக்கு நினைவூட்டியது. ஆத்திசூடியில் ஔவையார் ங-வுக்குச் சொல் தேடி அலையவில்லை. எழுத்தின் வளைவையே அறிவுரையாக்கிவிட்டார். ஆனால் 1998-இல் கூப்பர்டினோவில் தொடங்கிய கலிஃபோர்னியா தமிழ்க் கழகம் போன்ற வாரயிறுதிப் பள்ளிகளில் படிக்கும் குழந்தைக்கு ங செய்துகாட்ட விரும்புவோர் கவனிக்க: ஐஸ்குச்சி வளையாது, பைப் கிளீனர் வாங்க வேண்டும்.