நீ நீயாக இரு (ஜிஎஸ்டி தனி)

'நீ நீயாக இரு' என்ற உபதேசம் இப்போது மூன்று தரத்தில் கிடைக்கிறது. சில்வர், கோல்டு, பிளாட்டினம். சில்வரில் பின்வரிசையில் உட்கார்ந்து நீங்கள் நீங்களாக இருக்கலாம். பிளாட்டினத்தில் குருவோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டபடியே நீங்களாக இருக்கலாம். மூன்றுக்கும் ஜிஎஸ்டி தனி. நட்சத்திர ஓட்டலின் ஏசி அரங்கில், கன்னத்தோரம் மைக் மாட்டிய ஒருவர் "உங்க ஒரிஜினல் முகத்தைக் காட்டுங்க!" என்று கத்துவார். அரங்கம் முழுக்க ஒரே நிற டி-சர்ட்டில் எழுந்து நின்று, ஒரே மாதிரி கைதட்டி, அவரவர் தனித்தன்மையை உறுதி செய்துகொள்ளும்.

இந்தக் குருமார்களிடம் ஒரு பழைய விண்ணப்பத்தை நீட்டிப் பார்க்க வேண்டும். பெயர்: வ.உ.சிதம்பரம். ஊர்: ஒட்டப்பிடாரம். படிப்பு: சட்டம். தொழில்: கப்பல் கம்பெனி. மதிப்பீட்டு அறிக்கை எப்படி வரும் என்று இப்போதே எழுதிவிடலாம்.

"சிதம்பரம் ப்ரோ, ஐடியா சூப்பர். 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. முதல் பத்து லட்சம், பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. கூட்டம் கூட்டிப் பணம் திரட்டுறதுல நீங்க கில்லாடி. ஆனா எக்சிட் பிளான் எங்க ப்ரோ? தூத்துக்குடி - கொழும்பு ரூட்ல ஏற்கெனவே வெள்ளைக்காரன் பெரிய பிளேயர். அவன்கிட்ட டை-அப் பேசியிருந்தா இந்நேரம் அவன் கம்பெனியிலேயே நீங்க டைரக்டர்.

"அடுத்து, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி டிக்கெட்டைக் குறைச்சுக்கிட்டே வந்து, கடைசியில சும்மாவே ஏத்திக்கிட்டு குடையும் குடுத்தான். நீங்க அதைச் சதின்னு நினைச்சீங்க. அது சதி இல்ல, கஸ்டமர் டிலைட். குடையைப் பாத்ததும் பேச்சுவார்த்தைக்குப் போயிருக்கணும்.

"பெரிய தப்பு 1908-இல். கோரல் மில்லுல தொழிலாளி வேலைநிறுத்தம். அது உங்க மில்லா? இல்ல. உங்க ஆளுங்களா? இல்ல. கப்பல் ஓட்டுறவர் பஞ்சாலைக் கூலிக்காக ஏன் மேடை ஏறணும்? ஜெயிச்சீங்க, சரி. கூலி கூடுச்சு, சரி. உங்களுக்கு அதுல என்ன மார்ஜின்? ஃபோகஸ் இல்ல ப்ரோ. பத்துக்கு மூணு மார்க். பிளாட்டினத்துல சேந்தா தேத்திடலாம்."

மூணு மார்க் வாங்கிய அந்த மனிதருக்கு 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே போட்ட மார்க் வேறு: இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனால் கோவைச் சிறையின் செக்கு குறையவில்லை. மாடு இழுக்க வேண்டியதை வக்கீல் இழுத்தார். அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-இல், கம்பெனியை இழுத்து மூடினார்கள். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வரவேற்க நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் பறிபோயிருந்தது. கப்பல் ஓட்டியவர் சென்னையில் மளிகைக் கடை வைத்துப் பார்த்தார், அதுவும் ஓடவில்லை. பிற்பாடு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமை திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தவர்தான். ஆனால் பட்ட நன்றிக்கடனை மறைத்து வீரம் காட்டத் தெரியாதவர்.

குருமார்களுக்குத் தெரியாத சேதி ஒன்று உண்டு. அவர்கள் உட்கார்ந்து சம்பாதிக்கும் நாற்காலியையே தமிழில் முதலில் செய்தவர்களில் ஒருவர் இந்த மூணு மார்க் ஆசாமிதான். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903-இல் எழுதிய சுயமுன்னேற்ற நூலைச் சிறைக்காலத்தில் தமிழாக்கினார். 'மனம்போல வாழ்வு' 1909-இல் வந்தது. பிறகு 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்'. உள்ளம் எப்படியோ வாழ்க்கை அப்படி என்று செக்கிழுத்த கையால் எழுதினார். இன்றைய குரு அதையே ரிமோட் பிடித்த கையால் ஸ்லைடு மாற்றிச் சொல்கிறார். கூடவே, "இன்று நள்ளிரவு வரை மட்டும் பாதி விலை" என்கிறார். நள்ளிரவுக்குப் பிறகு உண்மைக்கு விலை கூடிவிடுமாம்.

கூத்து அதோடு முடியவில்லை. பங்குச் சந்தையில் பணம் பண்ணக் கற்றுத் தருகிறேன் என்று யூடியூபில் கூவிய ஒரு வாத்தியார் மீது 2023 அக்டோபரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி உத்தரவு போட்டது. வசூலித்த சுமார் 17.2 கோடி ரூபாயைத் தனிக்கணக்கில் கட்டச் சொன்னது. அதே உத்தரவில் இன்னொரு எண்ணும் இருந்தது. 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை அந்த வாத்தியாரே சந்தையில் தோற்றது சுமார் 2.89 கோடி. லாபம் சந்தையில் இல்லை, வகுப்பறையில்தான் இருக்கிறது என்பதை அவர் மட்டும் நன்றாகக் கற்றிருந்தார். எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டார்கள், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று செபியே 2024-இல் சொன்னது. "உன்னை நீ நம்பு" என்ற வாசகத்தை நம்பித் தாலியை அடகு வைத்தவர்களும் அந்தக் கணக்கில் இருப்பார்கள். அவர்கள் போய்க் கேட்டால் குரு என்ன சொல்வார் தெரியுமா? "சிஸ்டம் சரிதான், உங்க மைண்ட்செட்தான் தப்பு." ஊரைச் சுரண்டிவிட்டுப் பழியையும் சுரண்டப்பட்டவன் தலையில் கட்டும் இந்த வித்தையைக் கிழக்கிந்தியக் கம்பெனிகூடக் கற்றிருக்கவில்லை.

குருமார்களை மட்டும் திட்டிப் பயனில்லை. துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைத்தோம். அவர் இழுத்த செக்கைக் கிண்டி காந்தி மண்டபத்தில் வைத்தோம். அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்து, அடியில் 'பி யுவர்செல்ஃப்' என்று எழுதிவிட்டு, திங்கட்கிழமை அலுவலகத்தில் கம்பெனி அனுப்பிய அதே பதிவை வரி மாறாமல் லிங்க்டுஇன்னில் ஒட்டுகிறோம். பக்கத்து மேஜைக்காரரை ஒரே மெயிலில் வீட்டுக்கு அனுப்பும்போது, "இங்கே எல்லோரும் ஒரே குடும்பம்" என்ற சுவரொட்டிக்குக் கீழே குனிந்து வேலை பார்க்கிறோம். நமக்கு வேண்டியது உண்மை அல்ல. உண்மையானவன் என்ற பெயர். அது சல்லிசாகக் கிடைக்கும்வரை குருக்களுக்குப் பஞ்சம் வராது.

தொழிலில் தன் மனசாட்சிப்படி நடப்பது லாப வழி என்று எவன் சொன்னாலும் அவன் பொய்யன். சிலசமயம் லாபம் வரும், பலசமயம் கையைக் கடிக்கும், சிலருக்குக் கப்பலே போகும். போகும் என்று தெரிந்தும் செய்கிறவனுக்குத்தான் 'உண்மையானவன்' என்ற சொல் பொருந்தும். 1936-இல் இறக்குமுன் வ.உ.சி. எழுதிய உயிலில் கொடுக்க வேண்டிய கடன்களின் பட்டியல் இருக்கிறது. கொடுக்க முடியாத காலத்திலும் கொடுக்க வேண்டியதை மறக்காத கணக்கு அது.

ஆகவே அடுத்த முறை மேடையில் ஒருவர் உங்களை உண்மையாக இருக்கச் சொன்னால் அவர் வருமானத்தை விசாரிக்காதீர்கள். அதை அவரே கார் சாவியோடு காட்டுவார். எழுந்து நின்று ஒரே கேள்வி கேளுங்கள்: "ஐயா, உங்கள் உண்மைக்காக நீங்கள் கடைசியாக இழந்தது என்ன? ரசீதைக் காட்டுங்கள்." காட்டினால் காலில் விழுந்து கற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், ஜிஎஸ்டியோடு சேர்த்து.